வடிவு தள்ளிவிட்ட அத்திப் பழங்கள்

மலைக்காட்டில் ஒரு பெரிய வேங்கை மரம். அதன் பொந்துக்குள் வடிவு என்ற இருவாச்சிப் பறவை அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

இருவாச்சிகளின் வழக்கம் கொஞ்சம் விநோதமானது. முட்டையிடும் நாள் வந்ததும் பெண் பறவை பொந்துக்குள் நுழைந்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகை நீட்டும் அளவுக்கு ஒரு சின்ன இடுக்கு மட்டும் இருக்கும். அது வழியாக ஆண் பறவை பழம் ஊட்டும். உள்ளே இருக்கும்போது பெண் பறவையின் பழைய இறகுகள் உதிர்ந்து புதியவை முளைக்கும். அதுவரை அதனால் பறக்க முடியாது.

வடிவோ சும்மா இருந்தே பழக்கமில்லாதவள். எதிரே இருந்த பள்ளத்தாக்கை ஒரே மூச்சில் கடப்பவள் அந்தக் காட்டில் அவள் ஒருத்திதான். உட்கார்ந்த இடத்தில் தின்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இதை ஒரு வால்காக்கை மோப்பம் பிடித்துவிட்டான். இரை தேடி அலைய அவனுக்கு என்றைக்குமே உடம்பு வளையாது.

"என்ன வடிவக்கா, மாமா கொண்டாந்து கொடுக்கிறதையெல்லாம் முழுங்குறீங்க! பூசணிக்காய் மாதிரி ஆயிடுவீங்க! அப்புறம் எங்க பறக்கிறது?" என்றான்.

"ஐயையோ! இப்ப என்ன பண்றது?"

"பாதியைத் தின்னுங்க. பாதியை வெளியே தள்ளிடுங்க. அவ்வளவுதான்!"

வடிவு நம்பிவிட்டாள். கணவன் அத்திப் பழங்களைக் கொடுத்துவிட்டுப் பறந்ததும் பாதியை இடுக்கு வழியாகத் தள்ளினாள். கீழே வால்காக்கை கர்ம சிரத்தையாகக் காத்திருந்தான். மிச்சத்தை நான் சொல்லவும் வேண்டுமா?

நாளாக ஆக, பாதி என்பது முக்கால் ஆயிற்று. முட்டை பொரிந்து குஞ்சு வந்தது. குஞ்சுக்குக் கொடுத்ததுபோக, தன் பங்கில் பெரும்பகுதியை அவள் வெளியே தள்ளினாள்.

"குரலே எழும்பலையே வடிவு! உடம்பு சரியில்லையா?" என்று கணவன் கேட்டான்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க" என்றாள். வீட்டுக்கு வீடு பெண்கள் சொல்லும் அதே பொய்தான்.

பக்கத்துக் கிளையில் செம்பி என்ற மலையணில் குடியிருந்தாள். வடிவின் சிநேகிதி. பழம் விழும் சத்தம் தினமும் அவள் காதில் விழுந்தது. ஒருநாள் இடுக்கருகே வந்து உட்கார்ந்தாள்.

"வடிவு, உன் சிறகைக் காட்டு!"

"எதுக்குடி?"

"காட்டேன்!"

வடிவு தயங்கித் தயங்கிச் சிறகின் நுனியை இடுக்கில் வைத்தாள். புதிய இறகுகள் பாதிதான் வளர்ந்திருந்தன. ஒன்றின் குறுக்கே வெளுத்த கோடு ஒன்று ஓடியது. செம்பி அதை மெல்லத்தான் தொட்டாள். கோடு இருந்த இடத்தில் இறகு பட்டென்று ஒடிந்தது.

வடிவுக்கு உயிரே போய்விட்டது. "இனி நான் பறக்கவே முடியாதா? குஞ்சு பெருசானா ரெண்டு பேரும் சேர்ந்து இரை தேடணுமே! அவர் ஒருத்தரால முடியாதே!" என்று அழுதாள்.

"அழாதே. ஒடிஞ்சது ஒண்ணுதான், மத்ததெல்லாம் இன்னும் வளருது. வயித்தைக் காயப் போட்டா இறகு எதிலிருந்துடி முளைக்கும்? யாரு உன்னைப் பட்டினி போட்டது?"

"வால்காக்கைதான்... குண்டாயிடுவேன்னு சொன்னான்..."

"கீழ எட்டிப் பாரு! யாரு குண்டாயிருக்கான்னு தெரியும்!"

வடிவு பார்த்தாள். தொந்தி தரையில் இடிக்க, வால்காக்கை நகர முடியாமல் நகர்ந்துகொண்டிருந்தான்.

மறுநாள் கணவன் வந்து போனான். பழம் எதுவும் கீழே விழவில்லை.

"வடிவக்கா! இன்னைக்கு மறந்துட்டீங்களா?" என்று வால்காக்கை கத்தினான்.

"மறப்பேனா தம்பி! அண்ணாந்து வாயை நல்லாத் திற!"

அவன் திறந்தான். இருவாச்சிகள் கூட்டைச் சுத்தமாக வைத்திருப்பவை. எச்சத்தை அந்த இடுக்கு வழியாகத்தான் வெளியே பீச்சும். வடிவு திரும்பி உட்கார்ந்தாள். அதன்பிறகு அந்த மரத்துப் பக்கம் வால்காக்கை தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை!

கணவனிடம் நடந்ததையெல்லாம் வடிவு சொன்னாள். அவன் திட்டவில்லை. "இரு, வரேன்" என்று போய், இன்னொரு அலகு நிறையப் பழமும் ஒரு கொழுத்த ஓணானும் கொண்டுவந்தான். அவள் வெட்கப்படாமல் தின்றாள்.

இறகுகள் கருகருவென வளர்ந்தன. ஒரு காலையில் வாசலை உடைத்துக்கொண்டு வடிவு வெளியே வந்தாள். இருவாச்சி வழக்கப்படி, இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சு உள்ளிருந்தபடியே வாசலைத் திரும்பப் பூசிக்கொண்டது.

"இப்பவே பள்ளத்தாக்கைத் தாண்டுறேன் பாரு!" என்றாள் வடிவு.

"நாலு மாசம் உக்காந்திருந்த உடம்பு இது! அடுத்த கிளை வரைக்கும் போ. இன்னைக்கு அது போதும்" என்றாள் செம்பி.

அடுத்த கிளைக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. மறுநாள் அடுத்த மரம் வரை போனாள். மூன்றாம் நாள் தோள் வலித்தது, பேசாமல் உட்கார்ந்துகொண்டாள். இப்படியே தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது.

அதற்குள் பள்ளத்தாக்கின் இந்தப் பக்கத்தில் பழம் தீர்ந்துவிட்டது. குஞ்சோ பசியில் கத்தியது. கணவன் தனியாகப் பள்ளத்தாக்கைக் கடந்து கடந்து இளைத்துப்போனான்.

"இன்னைக்கு நானும் வரேங்க" என்றாள் வடிவு.

பாதி தூரத்தில் சிறகு கனத்தது. பாறைமேல் நின்ற ஒரு பட்ட மரத்தில் இறங்கி மூச்சு வாங்கினாள். பிறகு மீதியைக் கடந்தாள். மதியத்துக்குள் இருவரும் அலகு நிறையப் பழத்தோடு திரும்பினார்கள். குஞ்சு வயிறு நிறைந்து கண்ணயர்ந்தது.

"நாலு மாசம் ஒரு நாள் தவறாம வந்தீங்களே!" என்று கணவனின் கழுத்தைக் கோதிவிட்டாள் வடிவு. செம்பியிடம், "நீ அன்னைக்குக் கேட்டிருக்கலேன்னா என் குஞ்சு இன்னைக்குப் பட்டினிடி. உன்னை மறக்கவே மாட்டேன்!" என்றாள்.

பிறகு தன் சிறகை விரித்து, இறகுகளை ஒவ்வொன்றாக நீவினாள். "உன்னை ரொம்பப் படுத்திட்டேன். அப்படியும் முளைச்சு வந்து என்னைத் தூக்கிட்டுப் போனியே! நீ நல்லா இருக்கணும்!" என்றாள். அவள் கண் கலங்கியது.

ஓடி உழைக்கும் உடம்புக்கு வேண்டிய உணவையும் ஓய்வையும் தயங்காமல் கொடுப்பதே, அந்த உடம்புக்கு நாம் செலுத்தும் நன்றி.