எந்தக் குட்டைக்குக் கூட்டம் அதிகம்?

நேற்று உங்கள் வீட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? முதலில் உப்பு, பிறகு புளி, மறுபடியும் உப்பு என்று மூன்று தடவை வந்துபோன பக்கத்து வீட்டுக்காரி ஒரு ஆளா, மூன்று ஆளா? ஒரு காட்டில் இதே கேள்வி வந்து பெரிய சண்டையே நடந்தது.

அந்தக் காட்டில் பாறைக் குட்டையில் ஒரு நீர்க்கோழி குடியிருந்தாள். நெற்றியில் சிவப்புப் பட்டை இருந்ததால் செவத்தி என்று பெயர். கோரைப் புதருக்குள் அவளுடைய குஞ்சுகள், இறக்கை முளைக்காத பொடிசுகள். குஞ்சு பொரித்ததிலிருந்து அவள் குட்டையை விட்டு நகரவில்லை. வெயில் ஏற ஏறத் தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருந்தது. அது வற்றிவிட்டால் இத்தனை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போவாள்?

அந்தச் சமயம் மலையிலிருந்து ஒரு யானைக் கூட்டம் இறங்கி வந்தது. கூட்டத்தின் தலைவி பாறைக் குட்டைக் கரையில் எல்லாரையும் கூப்பிட்டாள்.

"வெயில் காலத்துக்கு ஊற்று தோண்டிக் கொடுத்துட்டுப் போறோம். ஆனா ஒரு இடத்துலதான் முடியும். எங்கே அதிகம் பேர் வர்றாங்களோ அங்கே தோண்டுறோம்!"

"அப்படின்னா என் பள்ளக் குளம்தான்!" என்று கீரி முந்திக்கொண்டான். அவன் வளை அந்தக் குளத்துக் கரையில் இருந்தது. ஊற்று பெருகினால் நண்டு பெருகும், அவனுக்குக் கொண்டாட்டம். "வந்து காலடித் தடத்தைப் பாருங்க யானையக்கா! சேத்துல இடமே இல்ல. இந்த அம்மா குட்டையில ஒரு தடமாச்சும் இருக்கா?"

செவத்தி வெடுக்கென்று திரும்பினாள். "என் கரை முழுக்கப் பாறை! பாறையில எப்படித் தடம் விழும்? உன் சேத்துல வாலாட்டிக் குருவி ஒருத்தியே பொழுதுக்கும் குறுக்கும் நெடுக்குமா ஓடுவாளே, அவ தடத்தையெல்லாம் கூட்டமாக்கிட்டியா?"

"ஓடுறது என் இஷ்டம்!" என்று வாலாட்டிக் குருவி சிலிர்த்துக்கொண்டது.

"தடம் வேண்டாம் யானையக்கா. அணிலுங்க உட்கார்ந்து ஆளுக்கு ஒரு புங்கங்கொட்டை போட்டு எண்ணட்டும்" என்றாள் செவத்தி. யானையும் தலையாட்டினாள்.

அணில் அக்கா ஒரு கரையிலும் தங்கை ஒரு கரையிலும் உட்கார்ந்தார்கள். யார் வந்தாலும் ஒரு கொட்டை. கீரி சும்மா இருப்பானா? குரங்குகளுக்கு விளாம்பழம் காட்டினான். அவை பள்ளக் குளத்துக்கு வருவதும் போவதும் மறுபடி வருவதுமாக இருந்தன. வந்தால் கொட்டை போடவேண்டியது அணில் வேலை. அது பாவம், போட்டுக்கொண்டே இருந்தது. சாயங்காலம் பள்ளக் குளத்துக் குவியல் அணிலையே மறைத்தது.

"யோசனை யாரு சொன்னா? நீங்கதானே!" என்று கீரி சிரித்தான்.

செவத்தி தலையைத் தொங்கப்போட்டாள். குஞ்சுகள் அவள் காலடியில் சேற்று நீரைக் கலக்கி விளையாடின. அவற்றைப் பார்த்ததும் மறுபடி தலையை நிமிர்த்தினாள்.

"ஒரு தடவை வந்தவங்க மேல ஒரு பொட்டு வெச்சிடலாம். மறுபடி வந்தா அது தெரிஞ்சிடும். உன் குளத்துக்கு நாவப்பழச் சாறு. என் குட்டைக்கு மஞ்சள் மகரந்தம்."

மறுநாள் அப்படியே செய்தார்கள். குரங்குகளின் குட்டு வெளிப்பட்டது. நூறு தடவை வந்தாலும் ஒரு குரங்குக்கு ஒரு பொட்டுதானே! பன்றிகள் மட்டும் புரண்டு புரண்டு பொட்டை அழித்துக்கொண்டு, புதுசாக வந்த மாதிரி நின்றன. அணில் அவற்றுக்கு இரண்டாவது பொட்டும் வைத்தது.

கடைசியில் யானை எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். மான், முயல், முள்ளம்பன்றி, காட்டெருமை எல்லார் மேலும் இரண்டு பொட்டு. ஊதா ஒன்று, மஞ்சள் ஒன்று!

"எல்லாரும் ரெண்டு இடத்துக்கும் போயிருக்கீங்களே! நான் எங்கே தோண்டுறது?"

"சேறு பெரிசா இருக்கிற இடத்துல!" என்றான் கீரி.

செவத்தி காட்டெருமையைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு குளத்தில் குடித்தவன் எதற்காக இன்னொரு குளத்துக்கு நடக்க வேண்டும்? அதுவும் இந்த வெயிலில்?

"ஏன் எருமையண்ணே, பள்ளக் குளத்துக்குப் போய் என்ன பண்ணுனீங்க?"

"மண்ணை நக்கினேன். உப்பு மண்ணு, நல்லா இருக்கும்."

"தண்ணி குடிக்கலியா?"

"அதையா? ஒரே கரிப்பு! நக்கி முடிச்சதும் தாகம் எடுக்கும். அப்புறம் நேரா இங்கதானே வருவேன். இது தெரியாதா உனக்கு?"

"நாங்களும்தான்!" என்றன மான்கள். "நானும்தான்!" என்றது முயல். கீரி அவசரமாக வாலை நக்கிச் சுத்தம் செய்ய ஆரம்பித்தான்.

யானை நேரே பள்ளக் குளத்துக்கு நடந்தாள். ஒரு வாய் உறிஞ்சினாள். 'தூ' என்று துப்பியது பாறைக் குட்டை வரைக்கும் கேட்டது.

திரும்பி வந்து சொன்னாள்: "எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அது உப்புத்தான். தடத்தை எண்ணினோம், தலையை எண்ணினோம். முதல்ல கேக்க வேண்டியதைக் கடைசியில இந்தக் கோழி கேட்டா!"

எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுகிறவர், எதற்காக வந்தார்கள் என்றும் கேட்டால்தான் அந்தக் கணக்கு உதவும்.

யானைக் கூட்டம் பாறைக் குட்டைக்குள் இறங்கத் தயாரானது. தலைவி முதல் காலைத் தூக்கினாள். செவத்தி ஓடி வந்து அவள் முன்னால் நின்றாள்.

"யானையக்கா, அந்தக் கோரை ஓரமா மட்டும் கொஞ்சம் மெதுவா கால் வையுங்க. பிள்ளைங்க இப்பத்தான் தூங்குதுங்க."