சீனிச்சாமி சுவருக்குக் கலர் அடிச்ச கதை

ஒரு ஊர்ல ஒரு சுவரு இருந்துச்சாம். என்ன சிரிக்கிற? இந்தக் கதையில ராஜா இல்ல, பூதம் இல்ல, சுவருதான். அதுவும் ஒண்ணு இல்ல, நாலு. நாலும் சிமெண்ட் பூசினபடியே, சாம்பல் கலர்ல மொட்டையா நின்னுச்சு. அந்த நாலு சுவருக்கு நடுவுல சீனிச்சாமின்னு ஒருத்தன் குடியிருந்தான். ம் கொட்டு, அப்பத்தான் கதை நகரும்.

“ம்.”

சீனிச்சாமிக்கு அச்சாபீஸ்ல வேலை. காலண்டரு, பட்டாசுப் பெட்டி லேபிளு, பிஸ்கட் கவரு, எல்லாம் அச்சடிச்சு வந்ததும் அதைக் கட்டாக் கட்டித் தூக்கி வண்டியில ஏத்தணும். ஏத்தி ஏத்திச் சேத்த காசுல ஒத்த ரூமும் ஒரு அடுப்படியுமா வீடு கட்டினான். சிமெண்ட் பூசி முடிக்கவும் காசு தீந்து போச்சு. சரி, மழைக்கு ஒழுகாம இருந்தாப் போதும்னு விட்டுட்டான். அப்புறம் அவனோட தாய்மாமன் மூக்கையா தன் மகள் வெயிலாட்சியை அவனுக்குக் கட்டிக் குடுத்தாரு.

வெயிலாட்சி வந்தா. முதல் நாள் ஒண்ணும் சொல்லல. ரெண்டாம் நாள் காலையில எந்திரிச்சா, துவைச்ச துணியைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறா.

“என்ன புள்ள, காயப்போடலையா?”

“மழை வரும்போல இருக்கு மச்சான்.”

சீனிச்சாமி வெளிய எட்டிப் பாத்தான். வெயில் பளீர்னு மண்டையைப் பொளக்குது. “எங்க மழை?”

“வெளிய இல்ல, உள்ள. இந்தச் சுவரைப் பாத்தா எந்நேரமும் மழை வரப்போற மாதிரியே இருக்கு. எனக்கு அழுகை அழுகையா வருது.”

அப்போ ஆடி மாசம் பிறந்துச்சு. புதுப்பொண்ணை ஆடிக்கு அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்கல்ல, மூக்கையா மாமா வந்து கூட்டிட்டுப் போனாரு. போறப்ப வெயிலாட்சி வாசல்ல நின்னு சொன்னா: “ஆவணியில வந்து பாப்பேன் மச்சான். சுவருக்கு ஒரு கலர் இருந்தா இருக்கேன். இல்லைன்னா அடுத்த பஸ்ல திரும்பிருவேன்.” பாம் பாம்னு பஸ் வந்துச்சு. ஏறிப் போயிட்டா.

சீனிச்சாமிக்கு அன்னைக்குச் சோறு இறங்கல. தட்டை வச்சுக்கிட்டுச் சுவரைப் பாத்தான். அட, அவனுக்கே இப்போ மழை வர்ற மாதிரி இருந்துச்சு. இத்தனை நாள் எப்படித்தான் இதுக்குள்ள இருந்தோம்னு நினைச்சான்.

அப்புறம் பெயிண்டுக் கடைக்குப் போனான். கடைக்காரரு விலையைச் சொன்னாரு. சீனிச்சாமி வாசப்படியிலயே உக்காந்துட்டான். கடைக்காரருக்குப் பாவமாப் போச்சு. “தம்பி, மூலையில நாலு டப்பா கிடக்கு பாரு. கலர் மாறிப்போச்சுன்னு ஆளுங்க திருப்பிக் குடுத்தது. பாதி விலைக்கு எடுத்துக்கோ”ன்னாரு.

திறந்து பாத்தான். ஒண்ணுல கத்திரிக்காய் ஊதா. ஒண்ணுல கிளிப்பச்சை. ஒண்ணு ரோஸ், ஒண்ணு மஞ்சள். ஆகாகா! தலையில ரெண்டு, கையில ரெண்டுன்னு தூக்கிட்டு ஓடியாந்தான். ஆனா எல்லாமே சின்ன டப்பா. ஒரு டப்பா ஒரு சுவருக்குப் பத்துமான்னு சந்தேகம். அப்போ ஒரு யோசனை பண்ணினான் பாரு! நாலையும் ஒண்ணா ஊத்திக் கலக்குனா ஏகப்பட்ட பெயிண்ட் வரும், நாலு கலரும் சேந்தா நாலு மடங்கு அழகாவும் இருக்கும்னு நினைச்சான்.

அண்டாவுல ஊத்தினான். கலக் கலக் கலக்னு கலக்கினான். குனிஞ்ச தலை நிமிராம சரட் சரட்னு நாலு சுவருக்கும் ரெண்டு கோட் அடிச்சான். இடுப்பு விட்டுப்போச்சு. அடிச்சு முடிச்சு, காஞ்சதும் நிமிந்து பாத்தான். என்ன கலர்ல இருந்துச்சுன்னு சொல்லு?

சாம்பல் கலரு! முன்னாடி இருந்த அதே சிமெண்ட் கலரு!

ஆவணி முதல் ஞாயித்துக்கிழமை மூக்கையா மாமா மகளைக் கூட்டிட்டு வந்தாரு. வெயிலாட்சி உள்ள நுழைஞ்சா, நாலு பக்கமும் பாத்தா.

“என்ன மச்சான், இன்னும் அடிக்கலையா?”

“அடிச்சுட்டேன் புள்ள. ரெண்டு கோட்.”

“எங்க?”

“நீ பாக்குற இடத்துலதான்.”

மாமா சுவரைத் தடவிப் பாத்து, “நல்லாத்தான் இருக்கு மாப்ள, அழுக்குத் தெரியாது”ன்னாரு. வெயிலாட்சி பையை எடுத்தா. பாம் பாம். அடுத்த பஸ்.

தூங்கிட்டியா?

“ம்ஹூம்.”

அப்புறம் சீனிச்சாமி கையில காசும் இல்ல. அச்சாபீஸ்ல மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கட்டுத் தூக்கினான். அங்க ஒரு மூலையில கழிவுத் தாள் மலைமாதிரி கிடந்துச்சு. மெஷின்ல கலர் சரியா விழுதான்னு பாக்க, சில தாளைத் திரும்பத் திரும்ப உள்ள விடுவாங்க. காலண்டரு அடிச்ச தாள் மேலயே பட்டாசு லேபிளு, அதுக்கு மேல பிஸ்கட்டுக் கவரு. அப்போ ஒரு தாள் எப்படி இருக்கும்? புலிக்குக் கொழுக் மொழுக்னு பாப்பா மூஞ்சி. பாப்பாவுக்குப் புலி மீசை. மயிலு வால்ல இருந்து புஸ்வாணம் பொங்குது. என்னா கலரு, என்னா கலரு! முதலாளிகிட்டக் கேட்டான். “அள்ளிட்டுப் போடா, இடத்தை அடைக்குது”ன்னாரு.

மைதா மாவைக் கொதகொதன்னு காய்ச்சிப் பசை பண்ணினான். சப் சப்னு நாலு சுவரும் ஒட்டினான். ஒட்டினது போக ஒரு கட்டு மிஞ்சுச்சு, அதைப் பரண்ல போட்டான். வீடு திருவிழாக் கடை மாதிரி ஜெகஜோதியா ஆயிருச்சு. இந்தத் தடவை வெயிலாட்சி போகமாட்டாள்னு வாசல்லயே காத்துக் கிடந்தான்.

ரெண்டாவது ஞாயிறு வெயிலாட்சி அப்பாவோட வந்தா. வாசப்படியில வச்ச காலை அப்படியே நிறுத்திட்டா.

“ஆத்தாடி! யாரு மச்சான் இம்புட்டுப் பேரு?”

“படம் புள்ள, படம். கலர் கேட்டேல்ல?”

“கலர் இருக்கு, இல்லைங்கல. அது பூராவும் என்னையவே பாக்குதுல்ல? இந்தப் பக்கம் திரும்பினா புலி பாக்குது, அந்தப் பக்கம் பாப்பா பாக்குது, ஒண்ணுக்கு நாலு கண்ணு. நான் எங்க நின்னு சேலை கட்டுவேன்?”

சீனிச்சாமி திரும்பிப் பாத்தான். ஆமா. நூறு கண்ணு இருக்கும். எல்லாம் அவனையும் பாத்துச்சு.

பாம் பாம். வெயிலாட்சி கிளம்பிட்டா. ஆனா அப்பா வரல. மூக்கையா மாமாவுக்கு எழுத்துன்னா உசுரு. கட்டில்ல ஏறி நின்னு, மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பிடிச்சு, சுவரை வாசிச்சுக்கிட்டு இருந்தாரு. “நீ போ தாயி, நான் இந்தச் சுவரை முடிச்சுட்டு வாரேன்”னுட்டாரு.

மறுநாள் சீனிச்சாமி வேலைக்குப் போயிட்டான். மாமா மத்தியானம் சாப்பிட்டுக் கதவைத் திறந்து போட்டுட்டுக் கொர் கொர்னு தூங்கினாரு. அப்போ பக்கத்து வீட்டு வெள்ளாடு மெதுவா எட்டிப் பாத்துச்சு. மைதாப் பசை வாசம் குப்புனு அடிச்சுச்சு. உள்ள வந்து ஒரு ஓரத்தைப் பிடிச்சு இழுத்துச்சு. சரக்! நல்லா இருந்துச்சு. சரக் சரக் சரக். புலி போச்சு, பாப்பா போச்சு. கீழ முடிஞ்சதும் பின்னங்காலால நின்னு தின்னுச்சு. அதுவும் முடிஞ்சதும் மாமா கால்மாட்டுல கட்டில்ல ஏறி நின்னு தின்னுச்சு.

சாயங்காலம் சீனிச்சாமி வந்து பாத்தான். எட்டுன உசரம் வரைக்கும் சாம்பல் சுவரு பல்லைக் காட்டுது. ஆடு வாயில மயிலு வாலு தொங்குது.

“மாமா! ஆடு!”

மாமா ஒரு கண்ணைத் திறந்தாரு. “தின்னா தின்னுட்டுப் போகுது மாப்ள. அந்தப் பக்கம் நான் வாசிச்சு முடிச்சதுதான்.”

ம் கொட்டு.

“ம்...”

சீனிச்சாமி தரையில உக்காந்துட்டான். கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஒரு கலர் கேட்டா, ஒரே ஒரு கலர், அதைக்கூட நம்மளால குடுக்க முடியலையேன்னு இருந்துச்சு. மாமா பாத்தாரு. அவருக்கும் என்னவோ போல ஆயிருச்சு. சட்டையை மாட்டிட்டுக் கடைக்குப் போனாரு. வரும்போது கையில ஒரு டப்பா. அதுவும் யாரோ வேண்டாம்னு திருப்பிக் குடுத்ததுதான். திறந்தா நல்ல மாம்பழ மஞ்சள். பளிச்சுனு கண்ணைக் கூசுது.

“எதோடயும் கலக்காத மாப்ள”ன்னாரு மாமா.

மிச்சத் தாளை நனைச்சு உரிச்சு, சுவரைத் தேய்ச்சுக் கழுவினாங்க. வாசலை ஒட்டின பக்கத்துச் சுவரு ஒண்ணை மட்டும் அடிக்கலாம்னு முடிவு பண்ணினாங்க. மேல இருந்துதான் அடிக்கணும்னு சீனிச்சாமி. கீழ இருந்துதான்னு மாமா. ரெண்டு பேரும் விட்டுக் குடுக்கல. சீனிச்சாமி ஏணியில ஏறி மேல இருந்து இறங்கிக்கிட்டே வாரான், மாமா பலகையில உக்காந்து கீழ இருந்து ஏறிக்கிட்டே வாராரு. சரட் சரட், சரட் சரட். நடுவுல ஒரு முழத்துக்கு வந்தப்ப டப்பாவைக் கவுத்தாங்க. சொட்... சொட். அம்புட்டுத்தான். தீந்து போச்சு!

மேல மஞ்சள், கீழ மஞ்சள். நடுவுல கோணல் மாணலா, சாம்பல் கலர்ல ஒரு பட்டை, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்கிட்டாங்க. மாமா தலை மயிரெல்லாம் மஞ்சள்.

அப்போ தடதடதடன்னு கதவு. வெயிலாட்சி! சுவரைப் பாக்க வரல அவ. நாலு நாளா அப்பாவைக் காணோம்னு தேடிட்டு வந்திருக்கா.

“யப்பா! உன்னைய எங்கெல்லாம் தேட...” அப்படியே நின்னுட்டா. வாசல் வழியா வந்த வெயிலு அந்தச் சுவருல பட்டு, வீடு பூராவும் மஞ்சளா மினுங்குது. அவ கை, அவ சேலை, எல்லாம் மினுங்குது.

சீனிச்சாமி அவளை நிமிந்தே பாக்கல. “பெயிண்டு தீந்துருச்சு புள்ள. எனக்கும் தெம்பு தீந்துருச்சு. இதுக்கு மேல எனக்குத் தெரியல. நீ பஸ்ஸைப் பிடி.”

வெயிலாட்சி பட்டையைக் காமிச்சா. “நடுவுல அது என்ன?”

“ரோடு”ன்னாரு மாமா.

“ஆறு”ன்னான் சீனிச்சாமி.

“ரெண்டும் இல்ல, வேலை தெரியாத ரெண்டு ஆளு அடிச்சது.” சொல்லிக்கிட்டே பையைக் கீழ வச்சா. “அந்த அச்சாபீஸ் தாளு மிச்சம் இருக்கா? கத்திரிக்கோல் எங்க?”

பரண்ல இருந்த கட்டை இறக்கிக் குடுத்தான். சம்மணம் போட்டு உக்காந்தா. கறுக் கறுக்னு வெட்டினா. நேருக்கு நேரா பாக்குற மூஞ்சி ஒண்ணுகூட எடுக்கல. பக்கவாட்டுல நடக்குறதா, ஓடுறதாப் பாத்துப் பாத்து வெட்டினா. ஒரு சேவல். ஒரு மாட்டு வண்டி. பூப்போட்ட ரயிலு. பட்டாசு வெடிக்கிற ஒரு யானை. எல்லாத்தையும் அந்தச் சாம்பல் பட்டையில வரிசையா ஒட்டினா. எல்லாம் வாசலைப் பாத்து நடந்துச்சு.

“இனி யாரும் என்னையப் பாக்கமாட்டாக. அவுக சோலியைப் பாத்துப் போவாக.”

“யானை கொஞ்சம் சாஞ்சிருக்கு வெயிலு.”

“சாஞ்சா சாஞ்சிட்டுப் போகட்டும். வேப்பெண்ணெயைக் கொண்டாங்க மச்சான். படத்து மேல தடவணும், அப்பத்தான் ஆடு வாய் வைக்காது. இதுகூடத் தெரியாதா?”

“தெரியாதே”ன்னான் சீனிச்சாமி. அவனுக்குச் சிரிப்பு வந்துச்சு. அவளுக்கும் வந்துச்சு. வெளிய பாம் பாம், பாம் பாம்னு பஸ்ஸு நின்னு கூப்பிட்டுச்சு. யாருக்கும் காதுல விழல.

மறுநாள் மாமா மட்டும் ஊருக்குப் போனாரு. மஞ்சத் தலையோட வீட்டுக்குள்ள நுழைஞ்சு, அவரு வீட்டு வெள்ளைச் சுவரை ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் பொண்டாட்டியைக் கூப்பிட்டு, “ஏத்தா, நம்ம சுவரு ஏன் காய்ச்சல்காரன் மாதிரி வெளுத்துக் கிடக்கு?”ன்னாரு. அந்த அம்மா வீட்டுல இருந்த அண்டாவையெல்லாம் ஒளிச்சு வச்சுட்டாங்களாம்.

ம் கொட்டலையா? சரி சரி. யானை வாசலைத் தாண்டிப் போயிருச்சு, சேவலும் போயிருச்சு, கதையும் பின்னாடியே போயிருச்சு. நீ கண்ணை மூடித் தூங்கு, என் தங்கம்.