வெள்ளிக்கிழமைக் கதம்பம்

பஞ்சுக் கிடங்கோடு காவல்காரர் இசக்கியும் எரிந்துபோன மூன்றாம் நாள், கிடங்கு கூட்டும் அவர் மனைவி மாடத்தியை முதலாளி வீட்டுக்கு வரச்சொன்னார். கூடத்தில் இன்ஸ்பெக்டரும் இருந்தார்.

"உம் புருசன் பீடியாலதான் தீப்பிடிச்சுது. இல்லேன்னா நிரூபி. முடியாட்டி இதுல கைநாட்டு வை" என்று முதலாளி ஒரு தாளை நீட்டினார்.

மாடத்தி சுவரில் இருந்த லட்சுமி படத்தையே பார்த்தாள்.

"இது கிடங்குப் படம்லா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் போட்ட கதம்பம் அப்படியே கெடக்கு. அன்னைக்கு ராத்திரிதானே தீ?"

படித்த இன்ஸ்பெக்டருக்கு அது உறைக்க ஒரு நிமிஷம் ஆனது. முதலாளி எழுந்து படத்தை மறைத்து நின்றார்.

மாடத்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சாமி வேகக்கூடாதுன்னு பத்திரமாத் தூக்கிட்டு வந்திருக்கீக. அதுக்குக் கீழதானே அவரு படுத்திருந்தாரு. ஒரு சத்தங்குடுத்து எழுப்பியிருக்கக் கூடாதா மொதலாளி?"