தும்மலுக்கு ஒரு மண்டலம்

கொன்றைப்பட்டினத்து அரண்மனையில் அப்போதெல்லாம் யாருமே தும்ம மாட்டார்கள். தும்மல் வராமலா இருக்கும்? வரும். வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஓடுவார்கள். மகாராஜா வீரகேதுவே மேல்துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு கண் பிதுங்க உட்கார்ந்திருப்பார்.

எல்லாம் ராஜவைத்தியர் கச்சிராயருக்குப் பயந்துதான். நல்ல கைராசிக்காரர், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தும்மலோ சுளுக்கோ கொசுக்கடியோ, எதுவானாலும் எடுத்த எடுப்பில், "ஒரு மண்டலம் பத்தியம்! உப்பு, புளி, காரம் மூச்!" என்று சொல்லிவிடுவார். அவரைத் தவிர வேறு யாரும் மருந்து கொடுக்கவும் கூடாது. ஆகவே அவர் வீட்டு வாசலில் தொடங்கும் வரிசை கோட்டை மதிலைத் தொடும். ஒருநாள் நகச்சுற்றுக்காரனுக்குப் பின்னால் பாம்பு கடித்த ஒருவன் நின்றான். கடித்தது சாரைப்பாம்பு. அதனால் பிழைத்தான்.

சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன திருமேனி எழுந்தார்.

"மகாராஜா, அடுத்த தடவை நாகம் கடித்தால் என்ன செய்வது? வைத்தியசாலையில் பணிவிடை செய்யும் செவிலியருக்குச் சின்னச் சின்ன நோய்களைப் பார்க்கச் சொல்லிக்கொடுப்போம். தடுமன், இருமல், சிராய்ப்பு எல்லாம் அவர்கள் பாடு. பெரிதாகத் தெரிந்தால் உடனே வைத்தியரிடம் அனுப்பட்டும்."

கச்சிராயர் துள்ளினார். "எது சின்னது, எது பெரியது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கள் சொல்லிக்கொடுத்தால் தெரியும்."

மகாராஜாவுக்குப் போன மாதத்து உப்பில்லாக் கஞ்சி ஞாபகம் வந்தது. "இன்றே தொடங்குங்கள்!" என்றார்.

முணுமுணுத்துக்கொண்டேதான் கச்சிராயர் பாடம் நடத்தினார். ஆனாலும் அரைகுறையாகச் சொல்லித்தர அந்த மனிதருக்கு மனம் வரவில்லை. எத்தனை நாளாக இருக்கிறது, காய்ச்சல் உண்டா, மூச்சு வாங்குகிறதா, சளியில் ரத்தம் வருகிறதா என்று கேட்கவும், நாக்கையும் கண்ணையும் பார்க்கவும், நாடி பிடிக்கவும் கற்றுத்தந்தார். நப்பின்னை என்ற பெண் எல்லாவற்றையும் கற்பூரம் போலப் பற்றிக்கொண்டாள். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் கச்சிராயருக்கு வயிறு எரிந்தது. நாளைக்கு நம் வாசலில் யார் நிற்பார்கள்?

"பரீட்சைக்கு ஒரே ஒரு நோயாளி, மகாராஜா. நான் அனுப்புகிறேன். நப்பின்னை பார்க்கட்டும். தவறினால் இந்தப் பள்ளியையே மூடிவிட வேண்டும்" என்றார். மகாராஜாவும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டார்.

"ஐயா, பாம்பு கடித்து அந்த வரிசையில் நின்றது என் அண்ணன்தான். என்னால் இந்தப் பள்ளி போய்விட்டால் நான் எப்படி அவன் முகத்தில் விழிப்பேன்?" என்று நப்பின்னை திருமேனியிடம் அழுதாள்.

"நீ கற்றதைச் செய். மற்றதை என்னிடம் விடு" என்றார் அவர்.

பரீட்சை நாளும் வந்தது. முடிந்தவுடன் விருந்து. தாடி வைத்த ஜவுளி வியாபாரி ஒருவர் தும்மிக்கொண்டே சபைக்குள் வந்தார். வேறு யாருமில்லை, கச்சிராயரேதான்! நோய் ஒன்றும் கிடையாது, மூக்கு நிறைய மூக்குப்பொடி. மருந்து கொடுத்தால், ‘நோயில்லாதவனுக்கு மருந்தா?’ என்று பிடித்துக்கொள்ளலாம். வைத்தியரிடம் அனுப்பினால், ‘ஒரு தும்மலைக்கூடப் பார்க்கத் தெரியவில்லையே!’ என்று கைகொட்டலாம். எப்படிப் பார்த்தாலும் அவள் காலி.

நப்பின்னை நாடி பார்க்கக் கையை நீட்டினாள். நீட்டிய கையைக் கண்டதும் வியாபாரி என்ன செய்தார் தெரியுமா? சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்து, கண்ணை மூடி, "ம்ம்... வாதம் கொஞ்சம் தூக்கல்" என்று முனகினார். பழக்கதோஷம்! பிறகு திடுக்கிட்டுக் கையை விட்டார். சபையில் யாரும் கவனிக்கவில்லை. திருமேனி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையற்கட்டுப் பக்கம் நழுவினார்.

நப்பின்னை வரிசையாகக் கேட்டாள். காய்ச்சல் இல்லை. மூச்சு சீராக இருக்கிறது. நாக்கு சுத்தம். மூக்கருகே குனிந்து பார்த்தாள்.

"மகாராஜா, இவருக்கு நோய் ஒன்றுமில்லை. மூக்குப்பொடி ஏறியிருக்கிறது. தண்ணீரில் மூக்கைக் கழுவினால் போதும். மருந்தே வேண்டாம்."

கச்சிராயருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் ஆள் விடுவாரா? தாடியைப் பிய்த்து எறிந்தார்.

"தவறு! நான் கச்சிராயர்! மூன்று நாளாக எனக்குக் கடும் தடுமன்! நோயாளியைப் பார்த்து நோயில்லை என்கிறாள்! மூடுங்கள் பள்ளியை!"

ராஜவைத்தியரே சொல்லும்போது யார் மறுத்துப் பேசுவது? மகாராஜாவின் முகம் தொங்கிப்போனது. நப்பின்னையின் கண்ணில் நீர் முட்டியது.

அப்போது தலைவாழை இலையோடு திருமேனி வந்தார். பின்னாலேயே சமையற்காரர். நெய்ச்சோறு, எண்ணெய்க் கத்தரிக்காய், மாங்காய்ப் பச்சடி, சுடச்சுட அதிரசம். எல்லாவற்றையும் கச்சிராயரின் மூக்குக்கு நேரே பரப்பினார்கள்.

"இலை உங்களுக்குத்தான் போட்டேன், வைத்தியரே. அடடா, உங்களுக்குத் தடுமனாமே! சமையற்காரரே, எடுங்கள் இலையை! இவருக்கு இன்றிலிருந்து ஒரு மண்டலம் உப்பில்லாக் கஞ்சி!"

"எனக்கா?"

"விதி உங்களுடையதுதானே? மகாராஜாவே கஞ்சி குடித்திருக்கிறார். நீங்கள் நோயாளி என்றால் நப்பின்னை தோற்றாள், உங்களுக்குக் கஞ்சி. நோயில்லை என்றால் அவள் ஜெயித்தாள், உங்களுக்கு அதிரசம். உங்கள் உடம்பு, நீங்களே சொல்லுங்கள்."

சமையற்காரர் இலையின் நுனியைப் பிடித்தார். கச்சிராயர் நப்பின்னையைப் பார்த்தார். மகாராஜாவைப் பார்த்தார். அதிரசத்தைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றுவிட்டது. இலை மெல்ல நகர்ந்தது.

"விடுங்கள் ஐயா இலையை!" என்று அலறி, அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "மூக்குப்பொடிதான், மகாராஜா! கல் மாதிரி இருக்கிறேன்!"

மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றித் திருமேனியின் கழுத்தில் போட்டார். கோட்டையின் நான்கு வாசலிலும் செவிலியர் வைத்தியசாலை திறக்கும்படி அங்கேயே உத்தரவிட்டார். நப்பின்னை ஆனந்தத்தில் தேம்பித் தேம்பி அழுதாள்.

"அதெல்லாம் சரி, நப்பின்னை தேறினாள். அவளோடு படித்த மற்றப் பெண்கள்? அவர்களுக்குப் பரீட்சை எப்போது, வைத்தியரே?" என்று கேட்டார் மகாராஜா.

வாய் நிறைய அதிரசத்தோடு கச்சிராயர் நிமிர்ந்தார்.

"அத்தனை பேரும் தேறிவிட்டார்கள், மகாராஜா! முதலில் நெய் ஊற்றச் சொல்லுங்கள்!"