மாமனார் பேர் சொல்லாத மருமகள்

முன்னொரு காலத்தில் ஆம்பல்நாட்டைச் செங்கோடன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் சொன்னதை மாலையில் மறந்துவிடுவான். ஆனால் கெடு வைத்தால் மட்டும் மறக்கவே மாட்டான்.

அவன் சபையில் ஏகாம்பரம் என்றொரு பிரதானி இருந்தார். வயிற்றெரிச்சலைத் தவிர அவருக்கு ஒரு குறையும் இல்லை. வாரிசு தெரியாத சொத்து எங்கே கிடந்தாலும், கொடிவழி விசாரித்து உரியவரைக் கண்டுபிடிக்கும் வேலையை ராஜா தாயம்மை என்ற குடியானவப் பெண்ணிடம் கொடுத்திருந்தான். கல்யாண வீடு, கிணற்றடி, கோயில் பொங்கல் என்று அலைந்து உறவுமுறை கேட்டு ஏட்டில் எழுதிவருவாள். சபையில் ஏகாம்பரத்துக்கு முன்னால் அவளுக்கு ஆசனம். அதைப் பார்த்த நாளெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது.

ஒரு தோப்பையும் வீட்டையும் விட்டுவிட்டுச் செக்குக்கார மருதப்பன் இறந்துபோனார். ஒரே மகன் முப்பது வருஷத்துக்கு முன்பே கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போய், போன இடத்தில் செத்துப்போனான் என்று கேள்வி. பத்து நாளில் யார் வாரிசைக் கொண்டுவருகிறார்களோ அவருக்கே அந்த ஆசனம் என்று ராஜா கெடு வைத்தான். ஏகாம்பரம் சும்மா இருப்பாரா? எங்கிருந்தோ ஒருத்தியைப் பிடித்து, மருதப்பன் வீட்டு ஏழு தலைமுறையையும் மனப்பாடம் செய்யவைத்தார்.

பத்தாம் நாள், அந்த மகனின் விதவை நான்தான் என்று இரண்டு பெண்கள் சபையில் நின்றார்கள். மாமனார் பேரைச் சொல்லும்படி ராஜா கேட்டான். ஏகாம்பரத்தின் ஆள், மருதப்பன் தொடங்கி ஏழு பேரையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். தாயம்மை கூட்டிவந்தவளோ தலையைக் குனிந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஏகாம்பரத்துக்கு உச்சி குளிர்ந்தது. "மாமனார் பேரே தெரியாதவள் என்ன மருமகள், மகாராஜா?" என்றார்.

தாயம்மை எழுந்தாள். "பிரதானியாரே, உங்கள் வீட்டு அம்மாள் உங்கள் தகப்பனார் பேரைச் சொல்லி எத்தனை தடவை கேட்டிருக்கிறீர்கள்?"

ஏகாம்பரம் எண்ணிப் பார்த்தார். இருபது வருஷமாக, திதி கொடுக்கிற நாளில்கூட அவர் மனைவி 'மாமா' என்றுதான் சொல்வாள்.

"பேரைப் பாடம் பண்ணலாம் மகாராஜா, கூச்சத்தைப் பாடம் பண்ண முடியாது. இவளை மருதப்பனின் குலதெய்வக் கோயிலில்தான் கண்டுபிடித்தேன். பூசாரி வெளியே நிற்கிறார், கேளுங்கள்."

பூசாரி வந்து, மருதப்பன் மகனோடு அங்கே பொங்கல் வைக்க வந்தவள் இவள்தான் என்று அடையாளம் சொன்னார். பொய்க்காரி, சொல்லிக்கொடுத்தவரைக் கைகாட்டிவிட்டாள். தோப்பும் வீடும் மருமகளுக்கு, ஆசனம் தாயம்மைக்கே என்றான் ராஜா. ஏகாம்பரம் ஒரு வருஷம் அவளுடைய ஏட்டுக்கட்டைத் தலையில் சுமந்துகொண்டு பின்னால் போகவேண்டும்.

மறுநாளே தாயம்மை நேராக ஏகாம்பரத்தின் வீட்டு வாசலில் போய் நின்றாள். கொடிவழி எழுத வேண்டும், இந்த வீட்டு எஜமானர் பேர் என்ன என்று கேட்டாள். அந்த அம்மாள் வெட்கப்பட்டு, சுமையோடு நின்றவரைக் கைகாட்டினாள்.

"நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றாள் தாயம்மை. ஏகாம்பரம் தன் பேரைத் தானே சொன்னார். அவர் தலையிலிருந்தே ஓர் ஏட்டை உருவி, அவள் எழுதிக்கொண்டாள்.