மாடு இல்லாத ஓலை

"தாயே, என் வேலை என்ன என்று எனக்கே தெரியவில்லை," என்றார் திருமேனி.

செங்கமலத்தம்மை வாசலில் சருகு பெருக்கிக்கொண்டிருந்தார். பெருக்குவதை நிறுத்தவில்லை.

"எத்தனை வருஷமாகப் பார்க்கிறீர்?"

"இருபத்தாறு."

"பரவாயில்லை. சீக்கிரமே சந்தேகம் வந்துவிட்டது."

திருமேனிக்குச் சிரிப்பு வரவில்லை. தன் குருவான அம்மையைவிட அவர் ஒன்பது வயது மூத்தவர். ஆனாலும் அம்மையின் எதிரில் வந்தால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் போய்விடும். மரத்தடியில் உட்கார்ந்து, இடது காலை வேட்டிக்குள் இழுத்து மறைத்துக்கொண்டார்.

அவர் நாவல்துறையின் விசாரிப்புக்காரர். ஊரார் தங்களுக்கு வேண்டியதைச் சொல்வார்கள், கட்டத் தெரியாது. கொத்தனாருக்குக் கட்டத் தெரியும், ஊராருக்கு என்ன வேண்டும் என்று தெரியாது. இரண்டு பக்கமும் நடந்து, கேட்டு, இன்னது வேண்டும் என்று ஓலையில் எழுதிக் கொடுப்பது திருமேனியின் வேலை. அந்த ஓலையைப் பார்த்துத்தான் கொத்தனார் முதல் கல்லை வைப்பார்.

அம்மை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"வெயிலில் வந்திருக்கிறீர். மோர் எத்தனை குவளை?"

"இரண்டு."

அம்மை குனிந்து மண்ணில் விரலால் இரண்டு கோடு போட்டார்.

"உப்பு?"

"அளவாக."

ஒரு கோடு.

"இஞ்சி?"

"இருந்தால்."

"கறிவேப்பிலை கிள்ளிப் போடவா, முழுசாகவா?"

"கிள்ளி."

அம்மை கோடுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இத்தனை ஒழுங்காக யாரும் திருமேனியிடம் மோர் பற்றிக் கேட்டதில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது.

மோர் வந்தது. இரண்டு குவளை. முதல் குவளையைக் குடித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

நாவல்துறையில் தோணி வந்து நிற்கும் இடம் வெறும் மண்சரிவு. மழை பெய்தால் சேறு. ஆள் வழுக்கும், மூட்டை வழுக்கும். துறையைச் சரிசெய்ய வேண்டும் என்று ஊர்ச்சபை முடிவு செய்தது. திருமேனி வீடு வீடாகப் போனார். ஒன்பது நாள். நூற்றுப் பதினான்கு பேர். ஒருவரையும் விடவில்லை. எழுதினார். சுடலை என்ற கொத்தனார் ஓலையில் உள்ளபடியே கல்லில் கட்டினார். இருபத்திரண்டு படி. ஒவ்வொன்றும் ஒரே உயரம், ஒரே அகலம்.

"பிறகு?" என்றார் அம்மை.

"பிறகு சந்தை நாள் வந்தது. அறுபத்து மூன்று மாடு வந்தது, அக்கரைக்குப் போக."

"ம்."

"ஒன்றுகூட இறங்கவில்லை. மேலேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த மாடு முன்னால் நின்ற மாட்டை முட்டுகிறது. தோணி கீழே காலியாக நிற்கிறது. ஒரு தரகன் என்னைப் பார்த்துக் கேட்டான், 'விசாரிப்பு ஐயா, என் மாட்டுக்குக் கொலுசு வாங்கிப் போடட்டுமா, உங்கள் படியில் இறங்க?' என்று. எல்லாரும் சிரித்தார்கள்."

"நல்ல கேள்விதான்."

"ஒரு பசுவைக் கயிறு கட்டி இழுத்தார்கள், தாயே. ஒன்பதாவது படியில் முன்னங்கால் முறிந்தது."

திருமேனி இரண்டாவது குவளையை எடுத்தார். குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"இன்று பிற்பகல் சபை கூடுகிறது. சுடலையைத் தள்ளி வைக்கப் போகிறார்கள். ஆற்றோரத்தில் ஏழு ஊர். ஏழிலும் இனி அவன் கொத்துக்கரண்டி எடுக்கக் கூடாது. முப்பத்தொரு வருஷமாகக் கல்வேலை செய்கிறவன். வேறு தொழில் தெரியாது."

"படி கோணலா?"

"இல்லை."

"கல் பெயர்ந்ததா?"

"இல்லை. மாடு விழுந்த படியைக் கட்டியவன் அவன். அதுதான் குற்றம்."

"நீர் என்ன சொல்கிறீர்?"

"நான் ஊரார் சொன்னதை எழுதினேன். ஒரு சொல்லைக் கூட்டவில்லை, ஒரு சொல்லைக் குறைக்கவில்லை. அவன் எழுதியதைக் கட்டினான். இதில் என் பங்கு எவ்வளவு, என் வேலை எதுவரை? அதைத்தான் கேட்க வந்தேன்."

"மோர் எப்படி?"

திருமேனி மிச்சத்தைக் குடித்தார். "நன்றாக இருக்கிறது."

"உப்பு?"

"சரியாக இருக்கிறது."

"கறிவேப்பிலை?"

"கிள்ளித்தான் போட்டிருக்கிறது."

"கேட்டதெல்லாம் வந்துவிட்டதா?"

"வந்துவிட்டது."

"அப்படியானால் போய் வாரும்."

அம்மை துடைப்பத்தை மறுபடி கையில் எடுத்தார்.

திருமேனிக்கு முகம் சுருங்கிப் போனது. நான்கு கல் தூரம் நடந்து வந்தது இரண்டு குவளை மோருக்கா? எழுந்தார். இடது கால் தரையில் பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தைப் பிடித்தார்.

"என்ன அது?"

"ஒன்றுமில்லை. கருவேல முள். பாதி உள்ளே முறிந்து நிற்கிறது."

"எப்போது ஏறியது?"

"வருகிற வழியில். பாதித் தூரத்தில்."

"வந்தவுடன் ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் மோரைப் பற்றித்தானே கேட்டீர்கள்."

சொல்லிவிட்டுத் திருமேனி வாயை மூடிக்கொண்டார்.

மண்ணில் அம்மை போட்ட கோடுகள் அப்படியே இருந்தன. ஐந்து கோடு. அவர் அவற்றைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"ஊராரிடம் என்ன கேட்டீர், திருமேனி?"

"எத்தனை படி வேண்டும் என்று கேட்டேன்."

"என்ன சொன்னார்கள்?"

"பதினெட்டு என்றார்கள் சிலர். இருபத்தைந்து என்றார்கள் சிலர். பெரும்பாலோர் இருபத்திரண்டு."

"மாட்டுக்காரர்கள்?"

"அவர்களும் எண்ணிக்கைதான் சொன்னார்கள்."

"படி என்ற சொல்லை முதலில் சொன்னது யார்?"

திருமேனியின் காது மடல் சிவந்தது.

"நான்தான்."

மேலே ஒரு ஓணான் கிளை மாறியது. திருமேனி உட்கார்ந்தார். இந்த முறை கால் தானாக மடங்கவில்லை. கையால் பிடித்து மடக்கிக்கொண்டார்.

"நூற்றுப் பதினான்கு பேரில் ஒருவரும் வேறு மாதிரிச் சொல்லவில்லையா?"

"நூற்றுப் பதினான்கு பேரில் இல்லை."

அம்மை அவரையே பார்த்தார். திருமேனி மண்ணைப் பார்த்தார். இதைச் சொல்லாமல் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தார். முள் ஏறிய இடத்தில்கூட அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஓலையைக் கொடுத்த அன்று சுடலை அதை மேலும் கீழும் பார்த்தான். படிக்கத் தெரியாது, படம் பார்ப்பான். பிறகு என்னிடம் கேட்டான், 'ஐயா, மாடு எதில் இறங்கும்?' என்று."

"நீர் என்ன சொன்னீர்?"

"ஓலையில் மாடு இல்லை என்று சொன்னேன்."

அம்மை துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

"சிரித்துக்கொண்டே சொன்னேன், தாயே. மை காய்ந்திருந்தது. ஓலை அவ்வளவு சுத்தமாக வந்திருந்தது, ஒரு அடித்தல் இல்லை. அதைத் திறந்து மறுபடி எழுத எனக்கு மனசு வரவில்லை."

"இது சபைக்குத் தெரியுமா?"

"அன்று நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அவன் சொல்லவில்லை. போன தடவை சபை கூடியபோது எல்லாரும் அவனை வைதார்கள். அவன் என் முகத்தைப் பார்த்தான். ஒரே ஒரு தடவைதான் பார்த்தான்."

"நீர்?"

"கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்."

"எத்தனை?"

"நாற்பத்தேழு வரிசை."

அம்மை எழுந்து உள்ளே போனார். ஊசியோடும் கொஞ்சம் விளக்கெண்ணெயோடும் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"காலை நீட்டும்."

திருமேனி பதறிப் பின்னால் நகர்ந்தார். "குருவின் எதிரில் கால் நீட்டுவதா?"

"நீட்டாமல் நான் எதைப் பார்ப்பது?"

"நானே எடுத்துக்கொள்கிறேன்."

"பாதத்துக்கு அடியில் இருக்கிறது. உம் கண்ணுக்குத் தெரியாது."

"அழுக்கு, தாயே. சேறு. நாற்றம்."

அம்மை கையை நீட்டியபடியே இருந்தார்.

திருமேனி கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டினார். ஐம்பத்தெட்டு வயதில், பட்டப்பகலில், குருவின் மடிக்கு நேராக. அம்மை குதிகாலைப் பிடித்துத் தன் முழங்காலில் வைத்தார். விரலால் தடவினார்.

"இங்கேயா?"

"இல்லை."

"இங்கே?"

"கொஞ்சம் மேலே."

"இங்கே?"

"ஆமாம்."

அம்மை ஊசியை வைத்தார். முள் வர நேரம் பிடித்தது. வந்தபோது ஒரு நெல் அளவுதான் இருந்தது. இதற்காகவா இவ்வளவு நொண்டினோம் என்று திருமேனிக்குத் தோன்றியது.

அம்மை முள்ளை இலையில் வைத்து அவரிடம் கொடுத்தார்.

"இப்போது சொல்லும். உமக்கு என்ன வேண்டும்?"

திருமேனி வெயிலைப் பார்த்தார். நிழல் இன்னும் வேரைத் தாண்டவில்லை.

"சபை கூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும்."

அம்மை தலையசைத்தார்.

வழியில், பாதித் தூரத்தில், ஒரு பசு வாய்க்காலில் இறங்கியது. திருமேனி நின்றார். அது முதலில் மண்ணை முகர்ந்தது. நேராக இறங்கவில்லை. சரிவில் குறுக்காக, ஒரு காலை ஊன்றிப் பார்த்து, பிறகு மற்றொன்றை வைத்து இறங்கியது. இருபத்தாறு வருஷத்தில் மாடு எப்படி இறங்குகிறது என்று அவர் நின்று பார்த்ததில்லை.

அவர் போய்ச் சேர்ந்தபோது சபை கூடியிருந்தது. கொலுசு கேட்ட தரகனும் இருந்தான். சுடலை கடைசித் தூண் அருகே கைகட்டி நின்றார். தலைவர் தீர்ப்பைச் சொல்லத் தொண்டையைச் செருமினார்.

"ஒரு திருத்தம் இருக்கிறது," என்றார் திருமேனி.

"தீர்ப்பிலா?"

"என் ஓலையில்."

எல்லாரும் திரும்பினார்கள். திருமேனியின் கண் தானாகக் கூரைக்குப் போனது. அதைக் கீழே இறக்கி, கடைசித் தூண் வரைக்கும் கொண்டுபோனார்.

"நூற்றுப் பதினான்கு பேர் என்று எழுதியிருக்கிறேன். அது தப்பு. நூற்றுப் பதினைந்து பேர். நூற்றுப் பதினைந்தாவது ஆள் சுடலைக் கொத்தனார். மாடு எதில் இறங்கும் என்று அவர் என்னிடம் கேட்டார். நான் சிரித்தேன்."

தலைவர் அந்த ஓலையைக் கொண்டுவரச் சொன்னார்.

சுடலை அண்ணாந்து, கூரை ஓடுகளைப் பார்க்கத் தொடங்கினார்.