ஒரு விரற்கடை தண்ணீர்

சேலத்தில் கடல் இல்லை. ஆனால் வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் கடலை வைத்திருந்தவர்கள் அந்த நாட்களில் பதினோரு பேர் இருந்தார்கள். தொட்டியில் ஏதாவது சாகக் கிடந்தால் ஷம்ஷாத் டீச்சரிடம் ஓடுவார்கள்.

டீச்சர் முன்பு பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவர். பிறகு வீட்டு முன்னறையில் அலங்கார மீன் கடை வைத்தார். வயது நாற்பது. அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் மூத்தவர் கஸ்பார் மச்சாது. அவருக்கு அறுபத்து மூன்று. தூத்துக்குடியில் முப்பது வருடம் சங்கு குளித்தவர். மனைவி பிலோமி இறந்த பிறகு, மகள் ரெஜினா அவரைத் தன்னோடு சேலத்துக்கு அழைத்து வந்துவிட்டாள்.

வரும்போது அவர் ஒரு துணிப்பையும் ஒரு வாளியும் கொண்டுவந்தார். வாளியில் ஒரு கடல் முள்ளெலி இருந்தது. பாறையில் ஒட்டி ஊரும் உருண்டையான கடல் உயிர்; எலுமிச்சம்பழ அளவு, உடம்பெல்லாம் முள். வந்த அன்றே வாளியிலிருந்த கடல்தண்ணீரோடு அதை ஒரு சிறிய கண்ணாடித் தொட்டிக்கு மாற்றினார்.

ஒரு வியாழக்கிழமை காலை அதே வாளியோடு கடைக்கு வந்தார்.

"டீச்சர், ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"எப்ப வருவீங்க?"

"வரமாட்டேன். இது சாகுது, பாருங்க. முள்ளெல்லாம் கொட்டுது. கண்ணாடியப் பிடிக்க மாட்டேங்குது. நேத்து புரண்டு கிடந்துச்சு. நிமித்தி வச்சேன், மறுபடி புரண்டுச்சு. இந்த ஊரு அதுக்கு ஒத்துக்கல. கொண்டுபோய்க் கடல்ல விட்டுட்டு நானும் அங்கேயே இருந்துக்கிறேன்."

"ஊர்ல யார் இருக்கா?"

"கடல் இருக்கு."

"அது சோறு போடுமா?"

"முப்பது வருஷம் போட்டுச்சே."

டீச்சர் சிரித்தார். "ரெஜினா என்ன சொல்லுது?"

"ரெண்டு நாளா பேச்சு இல்ல. டிபன் டப்பாவ டமார்னு வைக்குது. அதான் பேச்சு."

டீச்சர் வாளிக்குள் பார்த்தார். முள்ளெலி அடியில் சாய்ந்து கிடந்தது. இடையிடையே முள் இல்லாத திட்டுகள் தெரிந்தன.

"என்ன தண்ணி ஊத்தறீங்க?"

கஸ்பாருக்கு ரோஷம் வந்தது. "உப்புப் பொட்டலத்தக் கரைச்சு ஊத்துற ஆளுன்னு நெனச்சீங்களா? எல்லாம் எங்க ஊருக் கடல்தண்ணி. தங்கச்சி மவன் தொபியாஸ் வாரா வாரம் பஸ்ல கேன் போட்டு விடுறான். தொட்டியில வாரத்துக்கு ஒரு விரக்கடை குறையும். குறையக் குறைய ஊத்திருவேன். ஒன்றரை மாசமா ஒருநாள் தவறல."

பிறகு குரல் தணிந்தது.

"கேன் மூடியத் தொறந்தா, விடியக்காலம் வள்ளம் தள்ளுற மணம் வரும் டீச்சர். சாயங்காலம் நாங்க திரும்புறப்ப பிலோமி கரையில நிப்பா. வள்ளம் கண்ணுல பட்டதும் ஒண்ணும் தெரியாத மாதிரி வீட்டப் பாத்து நடந்துருவா. நான் அவ முதுகத்தான் பாப்பேன். முப்பது வருஷமும் முதுகுதான். கேட்டா, 'நான் எங்க நின்னேன், உப்பு வாங்க வந்தேன்'னு சொல்லுவா."

 டீச்சர் உப்பின் அளவு பார்க்கும் சிறிய குழலை எடுத்து, அதன் முனையில் வாளித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உப்பு ஏறியிருக்கு ஐயா. கடல்ல இருக்கிறத விட அதிகம்."

"உங்க குழல் தப்பு. ஊத்துறது கடல்தண்ணி. அதுல கடல விட உப்பு எப்படி ஏறும்?"

டீச்சர் குழலைத் துடைத்து வைத்தார். "மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போங்க."

உள்ளே போய் ஒரு சட்டி நிறைய ரசம் வைத்தார். அதில் பாதியை இன்னொரு சட்டியில் ஊற்றி மூடினார். மீதிப் பாதியை அடுப்பிலேயே சிறு தீயில் விட்டார். கடைக்கு ஆள் வந்தால் எழுந்து வருவார், மீன் பிடித்துக் கொடுப்பார், திரும்பப் போவார். அடுப்பிலிருந்த ரசம் குறையும்போதெல்லாம் மூடிய சட்டியிலிருந்து ஒரு கரண்டி ஊற்றினார். கஸ்பார் கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரிக்கு இன்றைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார்.

மத்தியானம் இலை போட்டுச் சோற்றில் அந்த ரசத்தை ஊற்றினார். கஸ்பார் ஒரு வாய் வைத்தார்.

"என்ன டீச்சர், உப்ப அள்ளிக் கொட்டிட்டீங்களா?"

"ஒரு கல் கூடச் சேக்கல. குறைஞ்சப்பல்லாம் அந்தச் சட்டி ரசத்தத்தான் ஊத்தினேன். ரெண்டும் ஒரே ரசம். அதையும் குடிச்சுப் பாருங்க."

மூடிய சட்டி ரசம் அளவாக இருந்தது.

கஸ்பாரின் கை இலையில் நின்றது. வாளியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப… நான்தான் அத…"

"தயிர் ஊத்தட்டுமா?" என்றார் டீச்சர்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபின் கஸ்பார் கேட்டார்:

"குறைஞ்சா எத ஊத்தணும்?"

"நல்ல தண்ணி."

"கடல் ஜீவனுக்கா? மழைவெள்ளம் ஆத்தோட வந்து விழுந்தா கரையோரத்துச் சிப்பியெல்லாம் வாயப் பொளந்து கிடக்கும். இந்தக் கண்ணால பாத்திருக்கேன்."

"வெள்ளம் வந்தா சாகும். தூறல் விழுந்தா?"

கஸ்பார் வாளியை இழுத்து முள்ளெலியைக் குனிந்து பார்த்தார்.

"தினம் தொட்டியிலேருந்து ரெண்டு டம்ளர் எடுத்துடுங்க. ரெண்டு டம்ளர் வடிகட்டின நல்ல தண்ணி விடுங்க. சொட்டுச் சொட்டா. உப்பு பழைய அளவுக்கு வரப் பன்னெண்டு நாள் ஆகும். அவசரப்பட்டா அதுவே கொன்னுடும்."

"ஞாயித்துக்கிழமை பஸ்ஸு."

"இந்த நிலைமையில வாளியில தூக்கிட்டுப் போனா மதுரை கூடத் தாண்டாது. அப்புறம் உங்க இஷ்டம்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் கஸ்பார் இல்லாமல் போனது.

முதல் சில நாட்கள் முள்ளெலி அசையவில்லை. இன்னும் நான்கு முட்கள் உதிர்ந்தன. கஸ்பார் தொட்டியின் முன்னால் முக்காலி போட்டு, பஞ்சுத் திரியால் தண்ணீரைச் சொட்டவிட்டுக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் வேலைக்குக் கிளம்பிய ரெஜினா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பா, இன்னைக்கு ரெண்டு டம்ளர் ஆச்சா?" என்று கேட்டாள். அவள் தெருமுனை திரும்பும்வரை கஸ்பார் ஜன்னலில் நின்றார்.

பதின்மூன்றாம் நாள் டீச்சரே வீட்டுக்கு வந்து பார்த்தார். குழல் கடலின் அளவைக் காட்டியது. முள்ளெலி கண்ணாடியில் பாதி உயரம் ஏறிப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. உடைந்த சிப்பித் துண்டு ஒன்றைத் தலைமேல் தூக்கி வைத்திருந்தது.

"பிழைச்சுடுச்சு," என்றார் டீச்சர்.

"நானும் இங்கயே இருந்துடறேன்னு ரெஜினாகிட்ட சொல்லிட்டேன்."

"நல்லது."

"ஆனா ஒண்ணு கேக்கணும் டீச்சர்." கஸ்பார் தொட்டியைப் பார்த்தபடியே பேசினார். "தொபியாஸ் போன் பண்ணான், கேன் போட்டு விடவான்னு. வேண்டாம்னுட்டேன். அந்த மணம் இல்லாம ரெண்டு வாரமாச்சு. இனிமே தினமும் இந்த ஊருத் தண்ணிதான் ஊத்தப் போறேன். கொஞ்சம் கொஞ்சமா இதுல எங்க கடலே இல்லாமப் போயிருமே?"

டீச்சர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான் ஐயா. உப்பு எங்கயும் போறதில்ல. நாம வெளிய எடுத்தது கூடுதலா ஏறினத மட்டும்தான். வந்த அன்னைக்கு வாளியில எவ்வளவு கொண்டு வந்தீங்களோ, அவ்வளவும் அதுக்குள்ளதான் இருக்கு."